டயர் சறுக்கும்வரை ஆக்சில் பிழைக்கும்

(இயந்திரப் பொறியியல் மாணவர்களுக்கும் பொதுமக்களுக்குமாக ஒரு கல்லூரி அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசைமேல் ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது. பின்வரிசையில் இருப்பவர்களுக்கு உடைந்த உலக்கை முனை மாதிரித் தெரியலாம். அது ஒரு காரின் பின் ஆக்சில் ஷாஃப்டின் உள்முனை. முறிந்து வந்தது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் வேட்டிக்குள் சுற்றி எடுத்துவந்தார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். "எங்க சாருக்குப் பரிசு" என்றாராம். நம்பினார்களா என்று தெரியவில்லை, விட்டுவிட்டார்கள்.

அதற்கு ஓராண்டு முன்பு அவர் எனக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தார். "பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன் சார். சனிக்கிழமைகளில் டிராக் ரேஸுக்கு ஓட்டிப் போகிறேன். பின் ஆக்சில் கம்பெனியில் போட்டது, அப்படியே இருக்கிறது. எத்தனை குதிரைத்திறன்வரை தாங்கும்?"

எந்தக் கம்பெனிக் கார் என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் கம்பெனி மேல் குற்றமில்லை. அவருக்கு நான் எழுதிய பதிலைத்தான் இன்று கொஞ்சம் விரித்துப் பேசப்போகிறேன். அந்தப் பதிலின் முதல் வரி, "கேள்வியே தப்பு, தம்பி" என்பது.

டிராக் ரேஸ் தெரியாதவர்களுக்காக: நேரான பாதை, கால் மைல், அதாவது 1,320 அடி. நம் கணக்கில் 402 மீட்டர். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் பாய வேண்டும். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. அமெரிக்காவில் தெருக்களிலும் கைவிட்ட விமானத் தளங்களிலும் இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்த இந்த ஆட்டத்துக்கு வாலி பார்க்ஸ் என்பவர் 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கி ஒழுங்கு கொண்டுவந்தார். 'கிறிஸ்துமஸ் மரம்' என்று அவர்கள் சொல்லும் விளக்குக் கம்பம் 1963-இல் வந்தது. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பெரிய ராட்சத வண்டிகள் 2008 முதல் 1,000 அடிதான் ஓடுகின்றன. அவை நமக்கு வேண்டாம். நான் பேசுவது சாதாரண ஆட்களைப் பற்றி. வேலைக்குப் போகும் காரையே ஓட்டிக்கொண்டு வந்து, நாலைந்து தடவை பாய்ந்து பார்த்துவிட்டு, அதே காரில் வீடு திரும்ப வேண்டியவர்கள். பின் ஆக்சில் முறிந்தால் அவர்களுக்கு அன்றிரவு வீடு போக வண்டி இல்லை.

கேள்வி ஏன் தப்பு? குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் சுழல்வேகத்தையும் பெருக்கி வருவது. பச்சை விளக்கு எரியும் கணத்தில் கார் நிற்கிறது. சக்கரம் சுற்றவில்லை. பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அப்படியானால், ஆக்சில் தன் வாழ்நாளிலேயே மிக அதிகம் வதைபடும் அந்தக் கணத்தில் அதன் வழியே போகும் குதிரைத்திறன் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஆக்சிலுக்குக் குதிரையைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது முறுக்கு மட்டும்.

சரி, எவ்வளவு முறுக்கு? இதற்குக் கணக்குப் போடும் முன், நம் ஊர்க் காட்சி ஒன்றைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் சேற்றில் மாட்டிய லோடு லாரியைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் முதல் கியரில் போட்டு முறுக்குவார். பின்சக்கரம் சும்மா சுழன்று சேற்றை வாரி இறைக்கும். வண்டி நகராது, ஆனால் எதுவும் உடையாது. அப்போது வேடிக்கை பார்க்கும் யாரோ ஒரு நல்லவர் டயருக்கு அடியில் கல்லும் கட்டையும் சொருகுவார். டயர் கல்லைப் பிடிக்கும். 'டங்' என்று ஒரு சத்தம். டிரைவர் இறங்கி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு, "ஆக்சில் கட்டாயிருச்சு" என்பார். என்ஜின் அதே என்ஜின், டிரைவர் அதே டிரைவர். மாறியது கல் மட்டும்.

இப்போது கணக்கு. எண்கள் பலருக்கும் தெரிந்த ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: 1998-ஆம் ஆண்டு செவ்ரோலே கமாரோ, 5.7 லிட்டர் வி8, ஆறு கியர். என்ஜினின் உச்ச முறுக்கு 454 நியூட்டன் மீட்டர். முதல் கியர் விகிதம் 2.66. பின்னால் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களும் சேர்ந்து 3.42. பெருக்கினால் ஏறத்தாழ 9.1. ஆக, முதல் கியரில் என்ஜின் முழு வீச்சில் இழுத்தால், இரண்டு பின்சக்கரத்துக்கும் சேர்த்து 4,130 நியூட்டன் மீட்டர் போக வேண்டும். உராய்வில் போகும் சில்லறையை விட்டுவிடுகிறேன்.

போகிறதா? அதைத் தீர்மானிப்பது டயர். டிரைவரோடு காரின் எடை 1,600 கிலோ என்றும், அதில் 44 சதவீதம் பின்சக்கரங்களில் நிற்கிறது என்றும் வையுங்கள். பாயும்போது மூக்கு மேலே எழும்பும், எடை பின்னால் சாயும். ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில், இரு சக்கர அச்சுகளுக்கு இடையே 2.57 மீட்டர் என்று கணக்குப் போட்டால், உராய்வுக் கெழு 1 உள்ள நல்ல சாலை டயர் 2,800 நியூட்டன் மீட்டருக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. அதற்கு மேல் போனால் சறுக்கிவிடும். என்ஜின் 4,130 கொடுக்கத் தயார். ஆனால் ஆக்சில் பார்ப்பது 2,800. மீதி புகையாகப் போகிறது.

அதே காருக்கு 'ஸ்லிக்' என்ற வரியில்லாத ரேஸ் டயரை மாட்டுங்கள். ரப்பர் மெத்தென்று இருக்கும். ஓட்டத்துக்கு முன் அதைச் சுழற்றிச் சூடாக்குவார்கள், பிசுபிசுக்கும். ஓடுதளத்தின் தொடக்கக் கோட்டிலும் பிடிமானக் கோந்து தெளித்திருப்பார்கள். அங்கே நின்றால் செருப்பு கழன்று தரையில் ஒட்டிக்கொள்ளும். கெழு 1.5 என்று வைத்தால் டயரின் வரம்பு 4,770-க்கு ஏறுகிறது. இப்போது டயரின் வரம்பு என்ஜினைவிட அதிகம். டயர் சறுக்காது. என்ஜின் கொடுக்கும் அத்தனையும் ஆக்சில் வழியாகவே போயாக வேண்டும். காரில் ஒரு குதிரை கூடவில்லை. ஆக்சிலின் சுமை மட்டும் ஒன்றரை மடங்காகிவிட்டது. அந்த லாரிக்கு அடியில் வைத்த கல்தான் இந்த ஸ்லிக் டயர்.

என் மாணவருக்கும் இதுதான் நடந்தது. ஒரு கோடைக்காலம் முழுக்கச் சாலை டயரில் ஓட்டினார். ஆக்சில் முனகக்கூட இல்லை. அடுத்த வசந்தத்தில் ஸ்லிக் வாங்கினார். மூன்றாவது சனிக்கிழமை இந்தத் துண்டு கையில் வந்தது. "என்ஜினைத் தொடவே இல்லை சார்" என்று எழுதியிருந்தார். அதை ஏதோ அநியாயம் நடந்துவிட்ட தொனியில் எழுதியிருந்ததுதான் எனக்குப் பிடித்தது.

இதுவரை நான் போட்டது அமைதியான கணக்கு. உண்மையில் கிளட்ச்சை யாரும் அமைதியாக விடுவதில்லை. 5,000 சுற்றில் என்ஜினை அலற வைத்துவிட்டு, கிளட்ச் பெடலிலிருந்து காலைச் சட்டென்று பக்கவாட்டில் எடுத்துவிடுவார்கள். அப்போது என்ஜின் எரிக்கும் பெட்ரோல் மட்டுமல்ல, சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீலும் கிராங்கும் தேக்கி வைத்த ஆற்றலும் ஒரேயடியாகப் பின்னால் பாய்கிறது. அவற்றின் நிலைமத் திருப்புத்திறன் 0.2 என்று வைத்துக்கொள்வோம். 5,000 சுற்று, பத்தில் ஒரு வினாடியில் 3,000-க்கு இறங்கினால் கூடுதலாகக் கிடைப்பது ஏறத்தாழ 420 நியூட்டன் மீட்டர். என்ஜின் தரும் முறுக்குக்குச் சமமாக இன்னொரு என்ஜின், ஒரு கணத்துக்கு மட்டும். அதையும் 9.1-ஆல் பெருக்குங்கள். இதோடு, திடீரென்று விழும் சுமை மெதுவாக ஏறும் அதே சுமையைப்போல் இரண்டு மடங்கு தகைவை உண்டாக்கும் என்ற பாடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் நடத்துகிறோம், தேர்வோடு மறந்துவிடுகிறோம்.

ஆட்டோமேட்டிக் கியர் உள்ள கார்கள் அதிகம் பிழைப்பது இதனால்தான். அங்கே என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் இருக்கிறது. டார்க் கன்வெர்ட்டர் முறுக்கை இரண்டு மடங்குவரை பெருக்கவும் செய்யும், ஆனால் அடிக்காது, தள்ளும். 1986, 87-இல் வந்த ப்யூயிக் கிராண்ட் நேஷனல் என்ற கறுப்புக் காரைச் சொல்வார்கள். டர்போ வைத்த வி6, ஆட்டோமேட்டிக் மட்டும், பின்னால் எட்டரை அங்குலக் கிரவுன். அந்த ஆக்சில் அசல் பாகங்களோடு, கம்பெனி கற்பனை செய்திராத முறுக்கைத் தாங்குவதைப் பார்த்தவர்கள் உண்டு. அதே கிரவுனைக் கிளட்ச் வைத்த காரில் போட்டு 6,000 சுற்றில் காலை எடுத்தால் கதை வேறு. இன்னொன்று: ஆட்டோமேட்டிக்கிலும் 'டிரான்ஸ்பிரேக்' என்ற ஒன்றை மாட்டுவார்கள். முதல் கியரும் ரிவர்ஸும் ஒரே நேரத்தில் பிடித்து வண்டியை நிறுத்தி வைக்கும், பொத்தானை விட்டதும் ரிவர்ஸ் விலகும். அது வந்தால் எண்ணெயின் தயவு பாதி போய்விடும்.

எது முதலில் உடையும் என்று கேட்பீர்கள். ஷாஃப்ட் என்று நினைப்போம். பெரும்பாலும் அதற்கு முன்பே கிரவுன் பினியனில் பல் போய்விடும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பினியன் கிரவுனின் நட்டநடு மட்டத்தில் கடிப்பதில்லை, கீழே தள்ளிக் கடிக்கிறது. ஹைபாய்ட் என்பது இந்த வகைப் பல்சக்கரம்தான். அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் உருவாக்கியது. 1920-களில் பேக்கார்டு கார்களில் வந்தது. சத்தம் குறைவு, வலிமை அதிகம். ஆனால் முறுக்கு ஏற ஏற, பினியன் கிரவுனை விட்டு விலகிப் போகத் துடிக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது பேரிங்குகளும் வார்ப்பு ஹவுசிங்கும். ஹவுசிங் தலைமுடி அளவு வளைந்தால்கூடப் பற்கள் முழு முகத்தோடு கடிப்பதை விட்டு ஓரத்தில் கடிக்கும். ஓரத்தில் கடித்த பல் ஒடியும். ஆக, பல்லைக் கொன்றது பல்லல்ல, அதைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

நான் கணக்குப் போட்ட கமாரோவில் கிரவுனின் விட்டம் 7.625 அங்குலம். அந்தக் குடும்பம் 1970-களில் சிறிய, எடை குறைந்த கார்களுக்காகப் பிறந்தது. அதை வி8-க்குப் பின்னால் வைத்தது முட்டாள்தனம் என்று அமெரிக்க ரேஸ் ஆட்கள் திட்டுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சாலை டயர் எப்போது சறுக்கும் என்று கம்பெனிக்குத் தெரியும். அந்த எண்ணுக்குமேல் கொஞ்சம் வைத்துச் செய்தார்கள். எடையும் காசும் மிச்சம். வாங்கியவர் டயரை மாற்றுவார் என்பதற்காக எல்லோரிடமும் கூடுதல் இரும்புக்குக் காசு வாங்க முடியாது.

மறுபக்கம் ஃபோர்டு ஒன்பது அங்குலம். 1957-இல் வந்து 1986 வரை தயாரிப்பில் இருந்தது. இன்றும் அதன் வடிவத்தை வெளிக் கம்பெனிகள் புதிதாக வார்த்து விற்கின்றன. அதன் பெருமை அங்குலத்தில் மட்டுமில்லை. மற்றவற்றில் பினியன் இரண்டு பேரிங்கில் ஒரு பக்கமாகத் தொங்கும். இதில் பினியனின் மூக்குக்கு முன்னாலும் ஒரு பேரிங், மூன்றாவது கை. விலகத் துடிக்கும் பினியனை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறது. பினியன் கீழே தள்ளியிருக்கும் தூரமும் அதிகம், 2.38 அங்குலம். அதனால் ஒரே நேரத்தில் அதிகப் பல் பரப்பு கடித்திருக்கும். இதற்கு விலை, உராய்வு. மற்றதைவிட இது என்ஜின் ஆற்றலைக் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். கிறைஸ்லர் தன் நான்கு கியர் ஹெமி என்ஜின் கார்களுக்குச் சொந்த ஆக்சிலை நம்பாமல் டானா 60 என்ற லாரி ரக ஆக்சிலைப் போட்டது. கிரவுன் ஒன்பதே முக்கால் அங்குலம். அது கம்பெனியே ஒப்புக்கொண்ட பதில்.

ஷாஃப்டுக்கு வருவோம். உருண்டைக் கம்பியின் முறுக்கு வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். முனையில் உள்ள பற்களை வைத்து அமெரிக்காவில் பேசுவார்கள்: 28 பல், 31 பல், 35 பல். 28 பல் ஷாஃப்ட் சுமார் 1.2 அங்குலம். 31 பல் 1.33. பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஆனால் வலிமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. 35 பல், ஒன்றரை அங்குலம், ஏறத்தாழ இரண்டு மடங்கு. 1990-களின் பின்பாதியில் வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளின் 8.8 அங்குல ஆக்சிலில் 31 பல் ஷாஃப்ட் இருந்தது. மஸ்டாங் காரில் 28. பழைய இரும்புக் கடைகளில் மஸ்டாங்காரர்கள் எக்ஸ்ப்ளோரரைத் தேடி அலைந்தது இதற்காக. குடும்பத்தோடு சந்தைக்குப் போகும் வண்டியில் இருந்தது, ரேஸுக்குப் போகும் வண்டியில் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கொடிய எதிரி ஒன்று உண்டு. டயர் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டு, பின்பகுதி தட தடவென்று குதிக்கும். ஒவ்வொரு குதிப்புக்குப் பிறகும் காற்றில் சுழன்ற சக்கரம் தரையைக் கவ்வும்போது ஒரு சம்மட்டி அடி. ஒரு வினாடிக்குள் பல அடி. அப்படிக் குதிக்கத் தொடங்கினால் உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு என்பதுதான் முதல் பாடம். பாதிப் பேருக்கு மனம் வராது.

இப்போது இந்தத் துண்டு. அதற்கு முன் இந்த சாக்பீஸைப் பாருங்கள். இரண்டு கையாலும் பிடித்து, வளைக்காமல், திருகுகிறேன். உடைந்த முகம் நேராக இல்லை, சுருளாக, 45 பாகையில் போயிருக்கிறது. நொறுங்கும் பொருள் முறுக்கில் இப்படித்தான் உடையும். இழுபடும் எஃகு கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, பிறகு தட்டையாக அறுபடும். கம்பெனி ஷாஃப்டுகளின் மேல்தோலைத் தூண்டல் முறையில் சூடேற்றிக் கடினமாக்கியிருப்பார்கள். உள்ளே மெத்தென்று இருக்கும். அதனால் இரண்டு கதையும் ஒரே முகத்தில் எழுதப்பட்டிருக்கும். அமெரிக்க ரேஸ் ஆட்கள் புது ஷாஃப்டின் மேல் நீளவாக்கில் பெயின்டால் ஒரு நேர்க்கோடு போட்டு வைப்பார்கள். சில மாதம் கழித்துக் கழற்றும்போது கோடு கொடிபோல் சுற்றியிருந்தால் ஷாஃப்ட் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பத்து பைசாச் செலவில் இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

ஆனால் இந்தத் துண்டு ஒரே அடியில் உடையவில்லை. இப்படி மெல்ல மெல்ல முறிவது ரயில் காலத்துப் பழைய கதை. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலில் என்ஜினின் அச்சு முறிந்து, தீப்பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெட்டிக் கதவுகளை வெளியே பூட்டியிருந்தார்கள். அதன் பிறகுதான் ரயில் அச்சுகள் ஏன் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்து ஒருநாள் முறிகின்றன என்று ஸ்காட்லாந்தின் ராங்கின் போன்றவர்கள் தேடத் தொடங்கினார்கள். பிரஷ்யாவில் ரயில்வேப் பொறியாளர் வோலர் பல ஆண்டுகள் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுமையேற்றிச் சோதித்தார். ஒரு முறை தாங்கும் சுமையை ஆயிரம் முறை தாங்கும் என்று நம்ப முடியாது என்று காட்டினார். மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதை வள்ளுவர் சொன்னார் அல்லவா, அங்கே இறகுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகின்றன. இங்கே ஒவ்வொரு இறகும் ஏறி, உடனே இறங்கியும் விடுகிறது. இறங்கிய பிறகும் இரும்பு அதை மறப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. லாரி ஆக்சில் முறிந்தால் கிளீனர் ஹப் போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்டை உருவி, புதியதைச் சொருகுவார். சக்கரம் அப்படியே நிற்கும், ஏனென்றால் எடையைத் தாங்குவது வெளிக்குழாய். கார்களில் பெரும்பாலும் அப்படியில்லை. ஷாஃப்டே சக்கரத்தையும் சுமக்கிறது. பல அமெரிக்கக் கார்களில் ஷாஃப்டை உள்ளே பிடித்து வைப்பது 'சி' வடிவக் கிளிப் ஒன்றுதான். கிளிப்புக்கு இப்பால் முறிந்தால் ஷாஃப்டும் சக்கரமும் சேர்ந்து காரை விட்டு வெளியே நடந்துவிடும். அதனால்தான் தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதி, கால் மைலை 10.99 வினாடியிலோ அதைவிட விரைவாகவோ ஓடும் காருக்கு வெளிச்சந்தை ஆக்சிலும் அதைத் தனியாகப் பிடித்து வைக்கும் அமைப்பும் கட்டாயம் என்கிறது.

அப்படியானால் என் மாணவர் எதைக் கேட்டிருக்க வேண்டும்? முதல் 60 அடியை எத்தனை வினாடியில் கடக்கிறது என்று. ஓடுதளம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சீட்டில் அதை அச்சடித்துக் கொடுக்கிறது. தூரம் மாறாததால், முடுக்கம் நேரத்தின் இருமடிக்குத் தலைகீழாகப் போகும். 2.2 வினாடியில் கடந்த கார் 1.55-இல் கடந்தால், சீட்டில் முக்கால் வினாடிகூட மிச்சமில்லை, ஆனால் ஆக்சில் சராசரியாக இரண்டு மடங்கு தள்ளியிருக்கிறது. கால் மைல் நேரத்தைப் பார்த்தால் இது தெரியாது. அதில் என்ஜினின் பெருமை கலந்துவிடும். 60 அடி நேரம் டயரும் ஆக்சிலும் பேசிக்கொண்டது.

அவருடைய சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். சாலை டயரில் 2.1, 2.2. ஸ்லிக் மாட்டிய முதல் நாள் 1.8. கடைசி நாள் மாலை முதல் ஓட்டம் 1.68. அடுத்த சீட்டில் 60 அடிக்கான இடத்தில் எண் எதுவும் இல்லை.

பேச்சு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் மேடைக்கு வந்து இந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பற்கள் லேசாகச் சுழி எடுத்திருப்பதைக் கவனியுங்கள். உடைந்த முகத்தில் ஓரமாக, பிறை அளவு, கறுத்து வழவழப்பாக ஒரு இடம் இருக்கிறது. அது பழைய விரிசல். மீதி சர்க்கரைபோல் மினுக்கும், அது கடைசி நாளுடையது. கறுத்த பகுதி எத்தனை சனிக்கிழமை வளர்ந்திருக்கும் என்று எனக்கும் மாணவருக்கும் இன்னும் வாதம் நடக்கிறது. அவர் மூன்று என்கிறார். ஸ்லிக்குக்கு முந்தைய கோடையிலேயே தொடங்கிவிட்டது என்பது என் கட்சி. நீங்களும் பாருங்கள். கிரீஸ் இன்னும் இருக்கிறது, பக்கத்தில் துணி வைத்திருக்கிறேன்.